தங்காக் போய் வந்தோம், கீறல் இல்லை

கூலாய், ஜொகூர்
ஞாயிறு மாலை

அன்பு மகன் திவாகரனுக்கு அப்பச்சி குமரப்பன் எழுதுவது.

இங்கே நான், உன் ஆத்தா, சாருமதி, மாப்பிள்ளை சுகுமாறன், மாப்பிள்ளையின் கார் ஆகிய ஐவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். கடைசியில் சொன்னதைத்தான் நீ முதலில் கேட்பாய் என்பதால் அதையும் சேர்த்தே எழுதிவிட்டேன். சென்னையில் நீயும் மருமகளும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்க வேண்டும், உன் மேலதிகாரிக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று இன்று காலைதான் இங்குள்ள முருகன் கோயிலில் வேண்டிக்கொண்டேன். போனில் பேசினால் நீ பாதியிலேயே “சரி அப்பச்சி, மீட்டிங் இருக்கு” என்று வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் மீட்டிங் முடியும் வரை காத்திருக்கும். சாரு இதைப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை தேவகோட்டைக்காரர் ஒருவர் காரைக்குடிக்கு வந்து, நம் வீட்டில் நிற்கும் என் காரை எடுத்துக்கொண்டு போவதாக நீ பேசி முடித்திருக்கிறாய். ஏன் என்று கேட்டால் கேட் தூண் என்கிறாய், பால் பூத் என்கிறாய். தூணில் இடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தூணை ஒரு சாண் உள்ளே தள்ளிக் கட்டிய கொத்தனாரை நீ ஒரு வார்த்தை கேட்டாயா? பால் பூத் விஷயத்தில் நான் எந்தக் காரணமும் சொல்ல வரவில்லை. நான் போன நேரத்தில் அது அங்கே இருந்தது, அவ்வளவுதான். அதற்காக, கல்யாணம், கருமாதி, பிரசவம் என்று இந்தக் குடும்பத்தை நாற்பது வருடம் ஏற்றி இறக்கியவனிடமிருந்து சாவியை வாங்கிவிடுவதா? விமான நிலையத்தில் நான் இதைக் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? “அங்க போய் ஒரே ஒரு தடவை, மாப்பிள்ளை கார்ல ஒரு கீறல் விழாம ஓட்டிட்டு வாங்க அப்பச்சி. அப்புறம் விக்கிறதைப் பத்திப் பேசலாம்.” நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நம் ஊர் லைசென்ஸும், அடம்பிடித்து உன்னை எடுக்க வைத்த இன்டர்நேஷனல் பர்மிட்டும் என் சட்டைப்பையில்தான் இருக்கின்றன. தூங்கும்போதுகூட அந்தச் சட்டையைக் கழற்றவில்லை என்று உன் ஆத்தா சொல்வாள், நம்பாதே. நேற்று ஓட்டினேன். கூலாயிலிருந்து தங்காக் வரை, சாருவின் புது வீட்டுக்குத் திரைத்துணி வாங்கிக்கொண்டு திரும்பியாகிவிட்டது. ஒரு கீறல் இல்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டுத் தேவகோட்டைக்காரருக்குப் போன் போட்டு, வண்டி இல்லை என்று சொல்லிவிடு.

தங்காக் என்பது துணிக்கடைகளுக்குப் பேர் போன ஊர். உன் ஆத்தா வந்த நாளிலிருந்து அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு செனாய் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை, சாருவுக்கு சிங்கப்பூரில் வேலை, சனிக்கிழமையும் இரண்டு பேருக்கும் ஓய்வு இல்லை. நான் போகிறேன் என்றேன். மாப்பிள்ளை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மெதுவா போங்க மாமா. நம்ம ஊரு மாதிரியே இங்கயும் லெஃப்ட்டுதான், பயம் இல்லை. ஏதாச்சும்னா கோல் பண்ணுங்க லா” என்று இந்த ஊர் ‘லா’ போட்டுக் கொடுத்தார். நல்ல பிள்ளை. வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெளிநாட்டில் முதன்முதலாக வண்டி எடுக்கிறோம், பூஜை போடாமல் எப்படி எடுப்பது? இவர்களும் வண்டிக்குப் பூஜை போடுகிறவர்கள்தான், ஆனால் போட்டு வருடமாகி, வைத்த பொட்டெல்லாம் மழையில் கரைந்துவிட்டிருந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். முன்னும் பின்னும் நம்பர் பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். முன் கண்ணாடியின் உச்சியில், நெற்றி மாதிரி ஓர் இடம், உள்ளே ஏதோ இரண்டு கண் போலத் தெரிந்தது, அதற்கு மேல் பட்டையாக இழுத்தேன். பின்பக்கக் கதவில் கோலிக்குண்டு அளவில் ஒரு கறுப்புக் குமிழ் வெறுமையாக இருந்தது. மனசு கேட்கவில்லை. அதற்கும் தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றுவதற்காக ரிவர்ஸ் கியர் போட்டேன். போட்டதும் முன்னால் இருக்கிற சின்னத் திரை முழுக்க மஞ்சளாகிவிட்டது, நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். இந்தப் பக்கம் சில மாதங்களில் புகைமூட்டம் வரும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். “சொர்ணம், பின்பக்கம் மட்டும் மூட்டமா இருக்கு, சூரியன் மங்கலாத் தெரியுது” என்றேன். உன் ஆத்தா கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பின்னாடி வெயில் பளிச்சுனு அடிக்குது. நில்லுங்க, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி” என்றாள். நின்றேன். தொட்டிக்கும் வண்டிக்கும் இடையே ஒரு தேங்காய் வைக்கலாம். கீறல் இல்லை என்பதைக் கவனித்துக்கொள்.

புறப்பட்டதிலிருந்து வண்டி டிங் டிங் என்று கத்திக்கொண்டே வந்தது. பெல்ட் போடாவிட்டால் கத்தும் என்று சாரு சொல்லியிருந்தாள். நான் போட்டிருந்தேன், உன் ஆத்தா போட்டிருந்தாள், ஆனாலும் கத்தியது. பின் சீட்டில் புளியோதரைத் தூக்கு இருந்தது, ஓரமாக நிறுத்தி அதற்கு பெல்ட் போட்டோம். கத்தியது. தண்ணீர் பாட்டில் பைக்கும் போட்டோம். அப்போதும் கத்தியது. உன் ஆத்தா தன் கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள், அதை ஆள் என்று நினைக்கிறதோ என்று. அப்படியே டோலுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே கூண்டில் ஆள் இல்லை. காசு வாங்க யாராவது வருவார்கள் என்று மரியாதையாக நின்று, இரண்டு தடவை ஹாரன் அடித்துக் கூப்பிட்டேன். கட்டை முன்பே தூக்கித்தான் இருந்தது, கண்ணாடியில் ஒட்டியிருக்கிற வில்லையைப் பார்த்து அதுவே எடுத்துக்கொள்ளுமாம், நான் ஆளைத் தேடிக்கொண்டிருந்ததில் கட்டையைப் பார்க்கவில்லை. பின்னால் நிறைய வண்டிகள் நின்றன. ஒருவர்கூட ஒரு சத்தம் கொடுக்கவில்லை. இந்த ஊரில் எல்லார் வண்டியிலும் ஹாரன் பழுதோ என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

ஹைவேயில் ஏறியதும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. நம் ஊரில் லாரியின் முதுகிலேயே ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்கள், அடிக்காமல் தாண்டுகிறவனைத்தான் திட்டுவார்கள். இங்கே மைல் கணக்கில் மௌனம். எனக்குக் கூச்சமாகிவிட்டது, நாமாவது முறைப்படி போவோம் என்று ஒவ்வொரு வண்டியைத் தாண்டும்போதும் அடித்தேன், தாண்டாதபோதும் பின்னால் இருக்கிறேன் என்று தெரிவிப்பதற்காக அவ்வப்போது அடித்தேன். என்ன மரியாதை தெரியுமா? ஒருவர் உடனே ஒதுங்கிக் கையை உயர்த்தினார். ஒருவர் தலையைக் குனிந்தார். ஒரு நீலக் கார் மட்டும் வெகுதூரம் எனக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது, நானும் அதைக் கைவிடாமல் தகவல் சொல்லிக்கொண்டே போனேன். வழியில் ஓய்விடம் ஒன்று வந்தது, உள்ளே திருப்பி நிறுத்தினேன். நீலக் காரும் அங்கே நின்றது. அதிலிருந்து நம் தமிழ் ஆள் ஒருவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். கமலநாதன் என்று பிற்பாடு தெரிந்தது.

“மாஃப் லா அங்கிள். நான் என்னா தப்பு செஞ்சேன்? சிம்பாங் ரெங்கம்லேர்ந்து ஹோன் அடிச்சுக்கிட்டே வர்றீங்க. பிள்ளைங்கள்லாம் பயந்துட்டாங்க.”

“தம்பி, நீங்க ஒரு தப்பும் பண்ணலை. நான் வர்றேன்னு சொன்னேன்.”

“நீங்க வர்றதுதான் கண்ணாடியில தெரியுதே அங்கிள்.”

உன் ஆத்தா கார் கதவைத் திறந்து அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், தோள் குலுங்கியது. இங்கே ஹாரன் அடித்தால் கோபம் என்று அர்த்தமாம், ஒருவரை ஒருவர் திட்டுவதற்கென்றே அதை வைத்திருக்கிறார்களாம். அப்படியென்றால் நான் கூலாயிலிருந்து அதுவரை எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. கமலநாதன் நல்ல மனிதர், நான் விருந்தாளி என்று தெரிந்ததும் சிரித்துவிட்டு வண்டியைச் சுற்றிப் பார்த்தார். “அங்கிள், நம்பர் பிளேட்ல சந்தனம் பட்டு மூணு எட்டாயிருச்சு. போலிஸ் பார்த்தா சம்மன் லா. அலமாக், கேமராவுக்கெல்லாம் பொட்டு வெச்சிருக்கீங்க.” அந்தக் கறுப்புக் குமிழ்தான் பின்பக்கம் பார்க்கிற கேமராவாம். முன் கண்ணாடியில் நான் பட்டை இழுத்த இடத்தில் இருப்பதும் கேமராதானாம், தன் கண்ணை மறைத்ததற்குத்தான் வண்டி அவ்வளவு நேரம் கத்தியதாம். துடைக்கத் துணியை எடுத்தவர் சட்டென்று நின்றுவிட்டார். “சாமி பொட்டு. நான் துடைக்கலாமா, தெரியலையே அங்கிள்.” உன் ஆத்தா அவரிடமிருந்து துணியை வாங்கி, “முருகா, மன்னிச்சுக்கோ, வழி தெரியணும்” என்று அவளே துடைத்தாள். சத்தம் நின்றது. அந்த அமைதி எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அவருடைய பிள்ளைகளுக்கு முறுக்கும் எங்களுக்குத் தே தாரிக் என்கிற நுரை பொங்க ஆற்றிய டீயுமாகச் சமாதானம் ஆகி, புளியோதரையை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கிளம்பியதும் மழை. நம் ஊர் மழை இல்லை, தண்ணீரை அப்படியே கவிழ்த்தார்கள். பெரிய பெரிய லாரிகள் பக்கத்தில் போகும்போது நாங்கள் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. நான் பதறவில்லை. முதல் காரியமாக, நம் ஊர் வழக்கப்படி நான்கு பக்க விளக்கையும் சிமிட்ட விட்டேன். அடுத்து இடது பக்கம் பார்த்தால், முழு ஒரு பாதை காலியாகக் கிடக்கிறது. நல்ல தார், வெள்ளைக் கோடு, ஒரு குழி கிடையாது, ஆனால் ஒரு வண்டிகூட அதில் போகவில்லை. வீணாகப் போகிறதே என்று அதில் இறக்கி, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். உன் ஆத்தா, “இதுல யாருமே போகலையே, ஏன்னு யோசிங்க” என்றாள். யாருக்கும் தோன்றவில்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் கூரை மேல் மஞ்சள் விளக்கு சுழலுகிற வண்டி ஒன்று எங்கள் பின்னாலேயே வந்தது, தாண்டவும் இல்லை. வழிவிடுவோம் என்று நிறுத்தினேன். அதுவும் நின்றது. மழைக்கோட்டு போட்ட ஒருவர் இறங்கி, எங்கள் வண்டிக்குப் பின்னால் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்தார். எனக்குக் கல்யாண மண்டபத்தில்கூட இப்படி யாரும் செய்ததில்லை. பிறகு ஜன்னலருகில் வந்தார். ஹைவேயில் பழுதாகி நிற்கும் வண்டிகளுக்கு உதவுகிறவர், பெயர் சின்னத்தம்பி, லாயாங் லாயாங் என்கிற ஊர்க்காரர்.

“என்னாச்சு ஐயா, வண்டி ரோசாக்கா?” ரோசாக் என்றால் இங்கே பழுது.

“வண்டி நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன் நாலு லைட்டும் போட்டுக்கிட்டு ஊர்ந்து வர்றீங்க?”

“மழை பெய்யுதே. நேராப் போறேன்னு சொல்றதுக்கு.”

அவர் முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். “ஐயா, இங்க எல்லாரும் நேராத்தான் போறாங்க” என்றார். அப்புறம்தான் சொன்னார், அது எமர்ஜென்சி பாதையாம், ஆம்புலன்ஸுக்கும் பழுதான வண்டிக்கும் மட்டுமாம். “போலிஸ் கண்ணுல பட்டிருந்தா கோர்ட்டு வரைக்கும் போயிருக்கும் ஐயா. லைசென்ஸாவது இருக்கா?” லைசென்ஸையும் பர்மிட்டையும் ஒன்றாக நீட்டினேன். “என்கிட்ட எதுக்கு, நனைஞ்சிரப் போவுது, உள்ள வைங்க” என்றவர், நான் அவற்றைச் சட்டைப்பைக்குள் நுழைக்க மூன்று தடவை முயன்றதைப் பார்த்தார். பை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான். பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனை, கேட்டுக்கொண்டேன். மழை கொஞ்சம் விட்டதும் கொடியை ஆட்டி, லாரிகளை ஒதுக்கி, எங்களைப் பாதைக்குள் ஏற்றிவிட்டார். அந்த மனிதர் குடும்பத்தோடு நன்றாக இருக்க வேண்டும்.

அங்கிருந்து தங்காக் வரை என்ன அருமையான பயணம். ஹாரன் இல்லை, விளக்கு இல்லை, கத்தல் இல்லை. செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகத் திரும்பிக்கொண்டே வந்தன. பாலத்துக்குக் கீழே ஆறு ஒன்று மழைத் தண்ணீரோடு காப்பி நிறத்தில் போனது. தூரத்தில் லேடாங் மலை இடுப்பு வரை மேகத்தோடு நின்றது, அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்காக் கடைத்தெருவில் இரண்டு கார்களுக்கு நடுவே இருந்த சின்ன இடத்தில் ஒரே திருப்பில் வண்டியை நிறுத்தியதைக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். திரைத்துணி எடுத்தோம், உன் ஆத்தா கடை முழுவதையும் இறக்க வைத்துவிட்டு முதலில் காட்டிய துணியையே எடுத்தாள். திரும்பும் வழியில் எனக்கு யோங் பெங் தாண்டியதும் கண் அசந்துவிட்டது, விழித்துப் பார்த்தால் கூலாய் டோல் வந்துவிட்டது, அவ்வளவு சுகமான சாலை. மாப்பிள்ளை வாசலிலேயே நின்றிருந்தார். போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிக் குனிந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும். “ஒண்ணும் இல்லை மாமா. சூப்பர் லா” என்றார்.

ஆகவே மகனே, தெரியாத ஊரில், தெரியாத சட்டத்தில், அந்த மழையில் ஒரு கீறல் இல்லாமல் போய் வந்தவனுக்குக் காரைக்குடியில் கார் ஓட்டத் தகுதி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. பேசியபடி நடந்துகொள். வண்டி அங்கேயே நிற்கட்டும், சாவி என் மேசை இழுப்பறைக்கே திரும்பி வரட்டும்.

மருமகளுக்கு என் அன்பு. அவள் அப்பா அம்மாவை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் பதினாறும் பெற வேண்டாம், ஒன்றிரண்டு போதும், நீண்ட ஆயுளோடு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பச்சி
குமரப்பன்

பின்குறிப்பு: சாரு போட்டோ எடுப்பதற்கு முன் படித்துவிட்டாள். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லித்தர மறந்துவிட்டேன். “அப்பச்சி, யோங் பெங் தாண்டித் தூங்கிட்டேன்னு எழுதியிருக்கீங்களே, அப்போ யாரு ஓட்டினது?” என்கிறாள். உண்மையை எழுதினால்தான் அனுப்புவாளாம். எழுதுகிறேன்.

சின்னத்தம்பி சொன்ன யோசனை, “ஆச்சிக்கு லைசென்ஸ் இருக்கா?” என்பதுதான். நான் சிரித்தேன். உன் ஆத்தா காலடியில் இருந்த கைப்பையைத் திறந்து லைசென்ஸையும் பர்மிட்டையும் எடுத்து மடியில் வைத்தாள். நீ எனக்கு பர்மிட் எடுத்தபோது அவளுக்கும் சேர்த்து எடுத்தாய், ஆத்தாவுக்கு எதற்கு என்று கேட்டதற்கு “ஜோடியா இருக்கட்டும்” என்றாய், எனக்கு எங்கே புரிந்தது. நான் வெளியூர் போகிற நாளெல்லாம் நம் காரை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பட்டி போய் வருவாளாமே. உனக்குத் தெரியும், சாருவுக்குத் தெரியும், பால் பூத்காரருக்குக்கூடத் தெரியுமாம். நேற்று அவள் மழையில் இறங்கி என் பக்கம் வந்து, சீட்டை முன்னால் இழுத்து, மூன்று கண்ணாடியையும் திருப்பிப் பார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்தினாள். தங்காக்கில் ஒரே திருப்பில் நிறுத்தியதும் அவள்தான். பாகோ என்கிற ஊர் வரும்வரை நான் அவள் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கால் தானாக ஓய்ந்துவிட்டது.

திவாகரா, கொஞ்ச காலமாகவே எனக்குப் பயம். எதிரே வருகிற வெளிச்சம் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது, தூரம் பிடிபடமாட்டேன் என்கிறது. சொன்னால் சாவியை வாங்கிவிடுவாய் என்றுதான் தூணையும் கொத்தனாரையும் பேசிக்கொண்டிருந்தேன். நேற்று அந்தச் சாவி உன் ஆத்தா கைக்குப் போனதும் எனக்கு அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. இவ்வளவு நிம்மதியாக நான் காரில் உட்கார்ந்து பல நாள் ஆகிறது.

ஆகையால் மேலே எழுதியதில் வண்டியை விற்காதே என்பது மட்டும் நிற்கட்டும், மற்றதை அடித்துவிடு. சாவி இனி உன் ஆத்தாவிடம். ஊருக்கு வந்ததும் ராமேஸ்வரம் போகலாம் என்கிறாள், என்னையும் கூட்டிப்போகிறாளாம். எனக்கு முன் சீட்டா, பின் சீட்டா என்று கேட்டேன்.

“அது உங்க வாயைப் பொறுத்து” என்றாள்.